முதல் அறுவையும் மறு அறுவையும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் எகிப்து நாட்டுப் பெண்மணி ஈமான் அகமது, உடற்பருமனுக்குச் சிகிச்சை பெற மும்பைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார். மார்ச் 7ஆம் நாள் சைபி மருத்துவமனையில் அவருக்கு இரைப்பை அறுவை நடந்தது. மே மாதம் அபுதாபிக்குச் சென்ற அவர், செப்டம்பரில் இதய நோயாலும் சிறுநீரகம் பழுதுற்றதாலும் காலமானார். கத்தி ஒன்றே முழுச் சிகிச்சையாகாது என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வறுவையில் பரவலாகச் செய்யப்படுபவை இருவகை. ஒன்றில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் போன்ற குழாயாக்குகின்றனர்; பசியைத் தூண்டும் சுரப்பும் அதனால் குறைகின்றது. மற்றொன்றில் சிறு பை ஒன்றை அமைத்து, அதனைச் சிறுகுடலுடன் நேரே இணைக்கின்றனர். இம்மாற்றுவழி முறையை 1966இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தார்.

முதல் அறுவையின் பயன் மெய்யானது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில், மாற்றுவழி அறுவை பெற்றோர் பத்தாண்டுக்குப் பின்னும் சராசரியாகத் தம் பழைய எடையில் 25 சதவிகிதம் குறைந்தேயிருந்தனர். அறுவை பெறாதோரின் எடை ஏறக்குறைய மாறவில்லை. நீரிழிவும் பலருக்குத் தணிந்தது.

ஆயினும் சிலருக்கு எடை திரும்புகின்றது. அவர்களை வாயைக் கட்டத் தெரியாதவர் என்று ஏசுதல் தகாது. குழாய் விரிவடைதல், மருந்துகளின் விளைவு, மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. சர்க்கரை மிகுந்த காப்பியும் எளிதில் கரையும் நொறுக்குத் தீனியும் சிறுத்த இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மறு அறுவை முதல் அறுவையைப் போன்றதன்று. உள்ளே தழும்பேறி உறுப்புகள் ஒட்டியிருக்கும். தையல் கசியும் அபாயம் கூடுதல். எடைக் குறைவோ பெரும்பாலும் முன்னதினும் குறைவு. குழாய் அறுவைக்குப் பின் தீராத நெஞ்செரிச்சல் போன்ற குறைபாடு இருப்பின், மாற்றுவழி அறுவை நற்பயன் தருவதுண்டு. எடைக்காக மட்டுமே எனில், முதலில் உள்நோக்குக் கருவிச் சோதனையும் உணவு ஆலோசனையும் வேண்டும். இக்காலத்து ஊசி மருந்துகள் பொருந்துமா என்றும் கேட்டறிதல் நலம்.

தாராவியிலாயினும் செம்பூரிலாயினும், ஊரிலுள்ள நிலத்தை விற்று மறு அறுவைக்குப் பணம் கட்டுமுன், ‘முதல் அறுவை ஏன் பயன் தரவில்லை?’ என்று மருத்துவரை வினவுவோமாக. அதற்கு விடை கிட்டாத வரையில் பணம் கட்ட வேண்டா. எவ்வறுவை பெறினும் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளும் ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.