இரத்தம் கூறும் கதிர்வீச்சுக் கணக்கு

தில்லியின் மேற்குப் பகுதியிலுள்ள மாயாபுரி, பழைய இரும்பு வாணிபத்துக்குப் பெயர் பெற்ற இடம். ஓர் ஆய்வுக்கூடம் ஏலத்தில் விற்ற சாதனம் ஒன்று 2010ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்தெடுத்தவர்கள் அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்ததை அறியார். ஒருவர் அதன் துண்டொன்றைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏப்ரல் மாதத்தில் உண்மை வெளிப்பட்டபோது பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர், ஒருவர் உயிரிழந்தார்.

அணுமின் நிலையத்தில் பணியாற்றுவோர் கதிர்வீச்சை அளக்கும் வில்லையை மார்பில் அணிந்திருப்பர். பழைய இரும்பு வியாபாரியிடம் அது ஏது? ஆயினும் அளவு தெரியாமல் மருத்துவம் செய்வது கடினம். ஒரு கிரே அளவுக்கும் குறைவாகக் கதிர்வீச்சை ஏற்றவரைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நான்கு கிரே அளவு உடல் முழுவதும் ஏற்றவர்களில் தக்க மருத்துவம் கிடைக்காவிடில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறக்கக் கூடும். இருவரும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றலாம். இவ்வேறுபாட்டைக் கண்டறியும் வில்லை மனிதனின் இரத்தத்திலேயே இருக்கிறது.

வெள்ளையணுக்களில் லிம்போசைட் எனப்படும் வகை உடலெங்கும் சுற்றி வருவது. பெரும்பாலும் பிளவுறாமல் உறக்க நிலையில் இருப்பது. கதிர்வீச்சு அதன் குரோமோசோம்களை முறிக்கிறது. முறிந்த முனைகளை ஒட்டிச் சீர்செய்ய அணு முயல்கிறது. அம்முயற்சியில் சில வேளை இரு வேறு குரோமோசோம்களின் துண்டுகள் தவறாகப் பிணைந்து, ஒரே குரோமோசோமில் இரண்டு மையங்கள் அமைந்துவிடுகின்றன. இதுவே இருமையக் குரோமோசோம். வேறு காரணங்களால் இது தோன்றுவது மிக அரிது. கதிர்வீச்சு ஏற்காதவரிடம் ஆயிரம் அணுக்களில் ஒன்றோ இரண்டோதான் காணப்படும். காமாக் கதிர்களை ஒரு கிரே அளவு குறுகிய நேரத்தில் ஏற்றவரிடம் நூறு அணுக்களுக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து வரை காணப்படும். அளவு இரு மடங்கானால் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலாக உயர்கிறது. எனவே எண்ணிக்கையைக் கொண்டு அளவைக் கணிக்கலாம். அமெரிக்காவின் பெண்டரும் கூச்சும் 1960களின் தொடக்கத்தில் இக்கருத்தை முன்வைத்தனர்.

செய்முறை எளிதே; பொறுமைதான் மிகுதியும் வேண்டும். சில மில்லி லிட்டர் இரத்தம் போதும். பீன்ஸ் இனத்து விதையிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளைச் சேர்த்தால் உறங்கும் லிம்போசைட்டுகள் விழித்துப் பிளவுறத் தொடங்கும். 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வளர்த்து, குரோமோசோம்கள் தெளிவாகத் தனித்தனியே தோன்றும் கட்டத்தில் பிளவை நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றுகின்றனர். அதன் பின்னரே உண்மையான உழைப்பு தொடங்குகிறது. மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்து, தகுந்த அணுக்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்களையும் பார்க்க வேண்டும். ஒருவரின் ஆயிரம் அணுக்களை எண்ணி முடிக்கத் தேர்ந்த பணியாளருக்கே இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம்.

நோயாளிகள் ஏழெட்டுப் பேராயின் இது இயலும். பிரேசிலின் கோயானியா நகரில் 1987ஆம் ஆண்டில் நடந்ததை நினைவு கூர்ந்தால் சிக்கல் விளங்கும். அங்கும் பழைய இரும்பே வினையாயிற்று. கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 வீடுகளுக்குள் பரவியது. நால்வர் இறந்தனர், 249 பேரிடம் கதிரியக்கப் படிவு காணப்பட்டது, ஆனால் சோதனைக்கு வந்தவர்களோ ஒரு லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அச்சமுற்ற பெருங்கூட்டத்தில் மருத்துவம் தேவைப்படும் சிலரை விரைவாகப் பிரித்தறிவதே முதற்பணி.

இதற்கு இரு வழிகள் பிறந்தன. ஒன்று, கணக்கைச் சுருக்குவது: ஒருவருக்கு ஆயிரத்துக்குப் பதில் 50 அணுக்களை மட்டும் எண்ணினால் துல்லியம் குறையும், ஆயினும் மூன்று கிரே ஏற்றவரையும் ஏதும் ஏற்காதவரையும் பிரிக்க அது போதும். மற்றொன்று, பார்க்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பது. கணிப்பொறியுடன் இணைந்த மைக்ராஸ்கோப் நூற்றுக்கணக்கான தகடுகளை இரவும் பகலும் தானே மாற்றி மாற்றி நோக்குகிறது. தகுந்த அணுக்களைக் கண்டுபிடித்துப் படமெடுக்கிறது. இருமையக் குரோமோசோம் என ஐயுறுவனவற்றைச் சுட்டிக்காட்டுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ராபிட் என்னும் தன்னியக்கக் கருவி, விரல் நுனியில் எடுத்த இரத்தத் துளியைக் கொண்டு நாளொன்றுக்கு 6,000 பேரைச் சோதிக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. அது இருமையக் குரோமோசோமை மட்டும் நம்பியதன்று. உட்கருவுக்கு வெளியே தங்கிவிடும் நுண்கருக்களையும் எண்ணுகிறது. வட்டமான இப்புள்ளிகளை அடையாளம் காண்பது இயந்திரத்துக்கு எளிது. ஆனால் முதுமையாலும் வேறு காரணங்களாலும் அவை பெருகுவதால் அவற்றின் சான்று சற்று வலுக்குறைந்தது.

கருவி தவறே செய்யாது என்று எண்ணிவிடலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரு குரோமோசோம்களை அது இருமையம் எனக் கூறிவிடும். வளைந்து கிடக்கும் உண்மையானதைக் கவனியாது விட்டுவிடும். இது ஓரளவு ஒரே சீராக நிகழும் பிழை என்பது ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது. அளவு தெரிந்த கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தை அதே கருவியில் எண்ணி அதற்கென்றே தனி அளவீட்டு வரைபடம் தயாரிக்கின்றனர். மனிதர் எண்ணிய வரைபடத்தை இயந்திரத்தின் எண்ணிக்கைக்குப் பொருத்தினால் நோயாளி ஏற்ற அளவு தவறாகவே கணிக்கப்படும். பல கூடங்களில் கருவி சுட்டியதைப் பணியாளர் மீண்டும் நோக்கிப் போலிகளை நீக்குகின்றனர். நேரம் சற்றுக் கூடினாலும் இதுவே விவேகம்.

குறைந்த கதிர்வீச்சை ஆராய்வோருக்கும் பெரும் எண்ணிக்கைகள் இன்றியமையாதவை. கேரளத்தின் கொல்லம் மாவட்டக் கடற்கரையில் மோனசைட் மணலிலுள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் அப்பகுதியிலும் சாதாரணப் பகுதிகளிலும் பிறந்த சுமார் 27 ஆயிரம் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்களை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். இரு பகுதிகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சில ஆயிரம் அணுக்களை மட்டும் எண்ணியிருந்தால் இவ்வாறு சொல்லும் துணிவு பிறந்திராது.

கருவி எத்துணை விரைந்தாலும் ஒரு தடை நீங்கவில்லை. அணு பிளவுறும் வரை 48 மணி நேரம் காத்திருந்தே ஆக வேண்டும். நுண்கருச் சோதனைக்கு அதனினும் கூடுதலாகும். அந்த இரண்டு மூன்று நாட்களில் மருத்துவர், வாந்தி எப்போது தொடங்கியது, இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பவற்றைக் கொண்டே யாரை எந்தப் படுக்கையில் சேர்ப்பது என முடிவு செய்ய வேண்டியுள்ளது.