கூரை கேரியருக்கு மூங்கில் தளம்: செலவும் குறைவு, எடையும் குறைவு

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருந்து இறங்கும் ஜீப்களின் கூரையைப் பார்த்தால், சௌசௌ மூட்டையோ பீன்ஸ் மூட்டையோ மலை வாழைத் தாரோ இல்லாமல் இருக்காது. சமவெளியிலும் கீரை, முருங்கைக்காய், பூ, வாழை இலை போன்றவற்றை ஆம்னி வேன், பொலிரோ போன்ற சொந்த வாகனங்களின் கூரையில் கட்டிச் சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் பலர். இதற்காக இரும்புக் குழாயில் கேரியர் அடித்துப் பொருத்துகிறார்கள். அந்தக் கேரியருக்குத் தளம் போடுவதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

கேரியரின் குறுக்குக் குழாய்கள் பெரும்பாலும் ஓர் அடி இடைவெளியில் இருக்கும். அதன்மேல் மூட்டையை வைத்தால் இடையில் தொங்கி, பாரம் முழுவதும் குழாய் தொடும் இடத்தில் இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடம் அடிபடும். தக்காளியில் அடிவரிசை நசுங்கும். வாழைக்காயில் அன்று ஒன்றும் தெரியாது. பழுக்கும்போது தழும்பு கறுத்துத் தெரியும். ஏற்றும்போது முதல் தரமாக இருந்த காய் சந்தையில் இரண்டாம் தரமாக விலை போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தவிர்க்க நினைப்பவர்கள் பட்டறைக்குப் போய் இரும்புத் தகடு அடிக்கிறார்கள், அல்லது வீட்டில் மிச்சமிருக்கும் பிளைவுட் பலகையைப் போட்டுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் எடை.

வாகனத்துடன் தரும் கையேட்டில் கூரையில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று போட்டிருப்பார்கள். பல வாகனங்களுக்கு அது 50 முதல் 75 கிலோ வரைதான். கேரியரின் எடை, தளத்தின் எடை, கயிறு, தார்ப்பாய் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். 75 கிலோ அனுமதி என்றே வைத்துக்கொள்வோம். கேரியர் 18 கிலோ போனால் மீதி 57. 4 அடி நீளம், 3 அடி அகலத் தளத்துக்கு 2 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் சுமார் 17 கிலோ, 19 மி.மீ. பிளைவுட் சுமார் 14 கிலோ. இரண்டிலும் மிஞ்சுவது 40 கிலோ அளவுதான். காயுடன் 25 கிலோ வரும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றுதான் ஏற்ற முடியும். இதே அளவில் மூங்கில் பத்தைத் தளம் போல்ட், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 6 முதல் 7 கிலோ. மீதி 50 கிலோ, இரண்டு கிரேட். தளத்தை மாற்றுவதாலேயே ஒரு நடைக்கு ஒரு கிரேட் கூடுகிறது.

தகட்டுக்கும் பலகைக்கும் இன்னொரு குறையும் உண்டு. விளிம்பு மடித்த தகட்டில் ஒரு செ.மீ. உயரம் மழைநீர் தேங்கினாலே 11 கிலோ. வெயிலில் தகடு கொதித்து, அதன்மேல் இருக்கும் காய் வேகும். பத்தைகளுக்கு நடுவே இடைவெளி விட்ட தளத்தில் தண்ணீரும் நிற்காது, காற்றும் அடியில் ஓடும்.

இனி செய்முறை. 8 செ.மீ. விட்டமுள்ள, சுவர் தடித்த கல் மூங்கில் நல்லது. நேரான மூங்கில் ஒன்றிலேயே தேவையான 18 பத்தைகள் கிடைத்துவிடும். கணு கோணலானதைக் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். வயது மூன்றைத் தாண்டியிருக்க வேண்டும். தண்டில் உறையும் வெள்ளைப் பொடியும் ஒட்டியிருந்தால் அது இளசு, வேண்டாம். சொந்த நிலத்தில் மூங்கில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2017-ல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வனத்துக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தச் சட்டத்தின்படி மரம் அல்ல.

மூங்கிலை 4 அடி நீளத்துக்கு அறுத்து, 30 மி.மீ. அகலப் பத்தைகளாகப் பிளக்க வேண்டும். உள்பக்கத்தைச் சீவி 10 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். கணு மேட்டைச் செதுக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்; சிலாம்பு இருந்தால் சாக்கும் கிழியும், கையும் கிழியும்.

பலரும் விட்டுவிடுவது அடுத்த வேலையைத்தான். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் சிறு வண்டு அதைத் துளைத்து மாவாக உதிர்த்துவிடும். பச்சையாக அப்படியே பொருத்தினால் ஒரு வருடம் நிற்பதே அரிது. 50 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ போராக்ஸ், ஒரு கிலோ போரிக் அமிலம் கரைத்து, பத்தைகளை ஒரு வாரம் மூழ்க வைக்க வேண்டும். தனியாகத் தொட்டி தேவையில்லை. நாலரை அடி நீளத்தில் ஒரு சிறு குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் போதும். பத்தைகள் மிதக்காமல் இருக்க மேலே கல் வையுங்கள். ஆடு மாடு வந்து குடிக்காதபடி குழியை மூடி வைப்பது அவசியம். எடுத்த பிறகு நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு கை வார்னிஷோ எனாமல் பெயின்ட்டோ அடியுங்கள். போரான் உப்பு மழையில் கரைந்து போகும் என்பதால் இந்தப் பூச்சைத் தவிர்க்கக் கூடாது.

மிஞ்சிய கரைசலை எங்கே ஊற்றுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கடலையில் போரான் குறைக்கு எக்டேருக்கு 10 கிலோ போராக்ஸ் இடுவது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தக் கணக்கில் பார்த்தால், இந்த 50 லிட்டரில் நீங்கள் கரைத்தது முக்கால் ஏக்கர் நிலக்கடலைக்கான போரான். போரானைப் பொறுத்தவரை பயிரின் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஓர் இடத்தில் கொட்டினால் அங்கே பயிர் இலை நுனி கருகும். கேனில் சேர்த்து வைத்தால் அடுத்து பந்தல் கால்களை நனைக்கப் பயன்படும். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம்.

பொருத்துவதற்கு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பட்டை 3 அடியில் மூன்று வேண்டும். பத்தைகளைத் தோல்பக்கம் மேலே இருக்கும்படி வண்டியின் நீளவாக்கில் அடுக்கி, இரண்டு பத்தைக்கு நடுவே 20 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் இந்தப் பட்டைகளோடு 6 மி.மீ. போல்ட்டால் முடுக்க வேண்டும். ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். டிரில்லில் துளை போட்டு, அகலமான வாஷர் வைத்து, நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள். பத்தையின் முனையில் இருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளித்தான் துளை இருக்க வேண்டும்.

பட்டைகள் மூன்றும் கேரியர் குழாய்க்கு மேலே உட்காரக் கூடாது. முன் குழாயை ஒட்டி அதன் பின்பக்கம் ஒன்று, பின் குழாயை ஒட்டி அதன் முன்பக்கம் ஒன்று, நடுவில் ஏதேனும் ஒரு குழாயை ஒட்டி ஒன்று என்று அமைத்தால், பிரேக் அடிக்கும்போதும் ஏற்றத்திலும் தளம் நழுவாமல் பட்டை குழாயில் முட்டி நிற்கும். பத்தைகள் நேராகக் குழாய்மேல் உட்காரும். இடையில் மெத்தையாக, கழித்துப் போட்ட 16 மி.மீ. சொட்டுநீர் லேட்டரல் குழாயை நீளவாக்கில் கீறிக் குழாய்மேல் மாட்டிவிடுங்கள். சத்தமும் வராது, பெயின்ட்டும் உரியாது. அலுமினியமும் இரும்பும் நேராக உரசும் இடத்தில் அரிப்பு வரும், அங்கே சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் போதும்.

தளத்தைக் கேரியரோடு பிடிக்க ஆறு யு-கிளாம்ப் தேவை. கிளாம்ப்பின் கால்கள் குழாயைச் சுற்றிப் பத்தை இடைவெளி வழியே மேலே வரும். அதன்மேல் இரண்டு பத்தைகளையும் அழுத்தும்படி சிறு தகடு வைத்து முடுக்கவும். மிஞ்சும் முனையை அறுத்துவிடுங்கள். கேரியர் குழாயில் மட்டும் துளை போட வேண்டாம். துளையில்தான் துரு ஆரம்பிக்கும், ஒரு நாள் அங்கேயே ஒடியும். குழாய் இடைவெளி ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் முதலில் பட்டறையில் ஒரு குறுக்குக் குழாய் சேர்த்துவிட்டுத் தளம் போடுவதே சரி.

தளம் உறுதியாக இருக்கிறது என்பதற்காகப் பாரத்தைக் கூட்டாதீர்கள். 50 கிலோ உர மூட்டை ஒன்றை மேலே போட்டாலே அனுமதி முடிந்துவிடும். கூரையில் பாரம் ஏறினால் வண்டியின் எடை மையம் உயர்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால், மேலே உள்ள சரக்கைக் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். தக்காளி, வெங்காயம், சௌசௌ போன்ற கனமானவை முதலில் வண்டிக்குள் போகட்டும். கூரைக்கு ஏற்றது கீரை, பூ, வாழை இலை, முருங்கைக்காய், திரும்பி வரும் காலி கிரேட். கயிற்றைக் கேரியர் குழாயில் கட்டுங்கள், பத்தையில் கட்டாதீர்கள். தளத்தின்மேல் ஏறி நின்று கட்டும் பழக்கமும் வேண்டாம்.

கீரையும் வெற்றிலையும் காற்றில் சீக்கிரம் வாடும். அடியில் ஒரு சாக்கு விரித்து, மேலே நனைத்துப் பிழிந்த சாக்கு போட்டு விடியலிலேயே கிளம்புங்கள். கறுப்புத் தார்ப்பாய் வெப்பத்தை இழுக்கும். வெள்ளை நிறம் பரவாயில்லை. பூச்சிமருந்து டப்பாக்களை இந்தத் தளத்தில் எப்போதும் ஏற்றக் கூடாது. சிந்தினால் மூங்கில் உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது.

கேரியரே இனிமேல்தான் அடிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ளதை மீறி வாகன அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்காது. வெள்ளை எண் பலகை வண்டியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதும் கூடாது.

பொருத்திய பின் முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை முடுக்குங்கள்; மூங்கில் காய்ந்து சுருங்குவதால் கட்டாயம் தளர்ந்திருக்கும். பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு பத்தை விரிசல் விட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதற்காக, நனைக்கும்போதே நான்கு பத்தைகளைக் கூடுதலாகப் போட்டுப் பூச்சடித்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.