ஒற்றை அறையில் ஒரு குடும்பம்: அலமாரியே சுவர்!

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒற்றை அறைக் குடித்தனம் புதிதல்ல. ரப்பர்த் தோட்டங்களின் ஆரம்ப காலத்து நெடிய லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி. மிஞ்சிப் போனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலேதான் படுக்கை, அதிலேதான் சாமி படம், அதிலேதான் விருந்தாளிக்குப் பாய். சில இடங்களில் இரண்டு குடும்பங்களை ஒரே அறையில் போட்டு, நடுவே சாக்குப் படுதா தொங்கவிட்டு வாழவைத்த கொடுமையும் நடந்தது. இலங்கை மலையகத்து லயன் காம்பராவின் கதையும் இதேதான்.

இப்போது எதற்கு அந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். செனாவாங்கில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் நிற்கின்றன. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். வாடகைக்கு எடுப்பது ஓர் அறை. கொஞ்சம் கையில் காசு இருந்தால் 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்த அடுக்குமாடி வீடு. பெயர்தான் புதுசு. உள்ளே போய்ப் பார்த்தால் பழைய லயத்து அறை, கூட ஒரு குளியலறை!

தனி ஆளுக்கு அது போதும். கல்யாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்து, தோட்டத்திலிருந்து அம்மாவும் வந்தால்? "மருமக இருக்கிற வீட்ல நான் எங்க படுக்கிறது தம்பி, அஞ்சடியிலயா?" என்று ஓர் அக்கா என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதிலும் ஷிப்ட் வேலை வேறு. இரவு ஷிப்ட் முடித்து மகன் காலையில் வந்து படுக்கிறான்; பேரப்பிள்ளை அப்போதுதான் எழுந்து விளையாடுகிறது. சரியாகத் தூங்காதவன் மெஷின் முன்னால் போய் நின்றால் விரல் போகும். ஆகவே இது வெறும் வீட்டு அலங்காரச் சங்கதி அல்ல, தோழர்களே.

நம் தாய்மார்கள் இதற்கு வழி கண்டவர்கள். முதலில் கயிறு கட்டிச் சீலையைத் தொங்கவிட்டார்கள். கூப்பன், சீட்டு என்று காசு சேர்த்து ஓர் அலமாரி வாங்கியதும் அதைச் சுவரோரம் வைக்கவில்லை. அறைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். முன்னால் கூடம், பின்னால் படுக்கை. வயசுக்கு வந்த பெண் உடுப்பு மாற்ற அந்த ஒன்றரையடிச் சாமான்தான் மறைவு. அலமாரியின் முதுகில் காலண்டரை மாட்டிவிட்டால் பார்ப்பவர்களுக்கு அது சுவரேதான்.

இன்றைக்கும் அதே முறைதான் உதவும். முதலில் ஜன்னல் எங்கே என்று பாருங்கள். அது படுக்கைப் பக்கம் அமைய வேண்டும். அலமாரியால் அதை மறைத்தால் இரவெல்லாம் புழுக்கம். அலமாரிக்கு மேலே இருக்கும் இடைவெளியில் அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள். காற்று அந்த வழியாகத்தான் வந்து போகும். அலமாரியின் முதுகு வாசலைப் பார்க்கட்டும், கதவுகள் கட்டிலைப் பார்க்கட்டும். நடுவே இரண்டடியாவது விடுங்கள், இல்லையேல் கதவு திறக்காது. டிவியை அலமாரி முதுகோடு சேர்த்து வாசல் பக்கம் பார்க்க வைத்தால், வெளிச்சம் தூங்குகிறவன் முகத்தில் அடிக்காது. சத்தம் கேட்கத்தான் செய்யும். அதற்கு அலமாரி மருந்தல்ல, வீட்டில் இருப்பவர்கள் குறைத்து வைக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குறுக்கே நிற்கும் அலமாரிக்கு முதுகுத் துணை கிடையாது. பிள்ளை இழுப்பறைகளைத் திறந்து ஏணி மாதிரி ஏறினால் மொத்தமும் அதன் மேலேயே சாயும். கனமான சாமான்களை அடித்தட்டில் வையுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தையாவது இரும்பு ஆங்கிள் போட்டுச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் திரைச்சீலை வேண்டவே வேண்டாம். ஒட்டுப்பலகையைக் கூரை வரை அடித்து, ஒரே வீட்டை ஜன்னலில்லாத நாலு அறையாக்கி வாடகைக்கு விடுகிறார்களே, அதில் குடியேறாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர ஒரே வழிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1966-இல் தோட்டத்துக்காக வந்த குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1990-இல் புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். தீபகற்பத்தில் 2020 ஜூன் 1 முதல், முதலாளி தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் துறைகளுக்கும் அது பொருந்தும். படுக்கையறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 39 சதுர அடி. பலர் சேர்ந்து படுக்கும் பெரிய கூடமானால் 3 சதுர மீட்டர். தனிக்கட்டில், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுள்ள அலமாரி எல்லாம் ஆளுக்கு ஒன்று. அந்த அலமாரி 90 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதுமாம். மூன்றடி உயரத்தை வைத்துக்கொண்டு எதை மறைப்பது? தொழிலாளி என்றால் தனிக்கட்டை என்ற நினைப்பில் எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி தங்குமிடத்தில் இருப்பவர்கள் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குறைந்தால் இலாகாவில் புகார் செய்யலாம். சொந்தக் காசில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் கை கொடுக்காது. 1998-இல் மலிவு விலை வீடுகளுக்குத் தரம் வகுத்தபோது மூன்று படுக்கையறை வேண்டும் என்றார்கள். தாய் தகப்பனுக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. அப்படிச் சொன்ன நாட்டில்தான் நம் பிள்ளைகள் இன்று சுவரில்லாத வீட்டுக்கு வாடகை கட்டுகிறார்கள்.

அலமாரி வாங்குவதானால் கழற்றிப் பூட்டக்கூடியதாக வாங்குங்கள், வீடு மாறும்போது கூடவே வரும். கடைக்குப் போகுமுன் படிக்கட்டின் அகலத்தையும் லிப்ட் கதவையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.