மண்டையோட்டு அழுத்த நீக்க அறுவையும் மீட்சியைக் கணித்தலும்

மண்டையோட்டு அழுத்த நீக்க அறுவை என்பது, மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வீங்கும் மூளைக்கு இடம் கொடுக்கும் அவசர அறுவை சிகிச்சை ஆகும். கடுமையான தலைக்காயம், பெரிய பக்கவாதம் ஆகியவற்றில் இது செய்யப்படுகிறது. எடுத்த எலும்பு குளிர்பதனப் பெட்டியிலோ நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ பாதுகாக்கப்பட்டு, வீக்கம் வடிந்த பின் மீண்டும் பொருத்தப்படும்.

அழுத்தம் குறைவது உறுதி. ஆனால் நோயாளி எந்த நிலையில் மீள்வார் என்பதே உறவினர்கள் கேட்கும் கேள்வி. 2016இல் வெளியான ரெஸ்க்யூ-ஐசிபி ஆய்வு, தலைக்காயத்தால் உள்ளழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்த 408 பேரைப் பற்றியது. ஆறு மாத முடிவில் அறுவை பெற்றோரில் 26.9 விழுக்காட்டினரும், மருந்து சிகிச்சைக் குழுவினரில் 48.9 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அதாவது, நூறு பேருக்கு அறுவை செய்தால் 22 பேர் கூடுதலாகப் பிழைக்கின்றனர். அந்த 22 பேரில் ஏறத்தாழ 6 பேர் உணர்வற்ற நிலையிலும், 8 பேர் பிறரை முழுதும் சார்ந்தும் வாழ்கின்றனர். எஞ்சிய 8 பேரே வீட்டுக்குள்ளாவது தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் நிலையையோ அதைவிட நல்ல நிலையையோ அடைகின்றனர். உயிர் பிழைப்பதும் மீள்வதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

கணிப்புக்கு முதன்மையாகக் கொள்ளப்படுபவை மூன்று: வயது, வலி தரும்போது கைகால்கள் அசையும் விதம், வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்குகிறதா என்பது. இரண்டாவது, 1974இல் உருவான கிளாஸ்கோ கோமா அளவுகோலின் ஒரு கூறு. இவற்றுடன் சி.டி. ஸ்கேன் படம், குருதியழுத்த வீழ்ச்சி, ஆக்சிசன் குறைவு, குருதிச் சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்து இம்பேக்ட் என்னும் கணிப்பு முறை 2008இல் வெளியிடப்பட்டது.

கண்பாவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011இல் வெளியான டெக்ரா ஆய்வு நல்ல சான்று. அதில் அறுவை பெற்ற குழுவே மோசமான முடிவைக் கண்டது. ஆனால் தொடக்கத்திலேயே இரு கண்பாவைகளும் சுருங்காதவர்கள் அக்குழுவில் கூடுதலாக இருந்தனர். அதைச் சரிசெய்து கணக்கிட்டபோது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை.

இம்பேக்ட் போன்ற முறைகள் தலைக்காயமுற்றோர் பலரின் தரவுகளிலிருந்து உருவானவை. அறுவை பெற்றோருக்கென்றே அமைந்தவை அல்ல. "எழுபது விழுக்காடு" என்று வரும் விடை, ஒரு கூட்டத்தைப் பற்றியது. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பற்றியதன்று. இன்னொரு சிக்கலும் உண்டு. பிழைக்க மாட்டார் என்று கணித்து சிகிச்சையைக் குறைத்தால், அந்தக் கணிப்பே மரணத்துக்குக் காரணமாகி, பின்னர் சரியானதாகவும் பதிவாகிவிடும். ஆகவே முதல் சில மணி நேரக் கணிப்பை மட்டும் வைத்துச் சிகிச்சையை நிறுத்துவது தவறு. மீட்சி ஆறு மாதத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ரெஸ்க்யூ-ஐசிபி ஆய்வில் இரு குழுக்களுக்கும் இடையே, நல்ல முடிவில் தெளிவான வேறுபாடு பன்னிரண்டாம் மாதத்தில்தான் தென்பட்டது.