புது மோட்டார் சைக்கிள் திணறினால்

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து மண்பாதைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே வண்டியாக, உயரமான மோட்டார் சைக்கிள் வாங்கும் சிறு விவசாயிகள் உண்டு. வாங்கிய சில மாதங்களிலேயே எஞ்சின் திணறி நின்றால், "மலைக் காற்று அப்படித்தான்" என்ற சமாதானம் கிடைக்கும். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவது இயல்பே. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிகுந்து பிளக் கரி பிடிக்கும். ஆனால், ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி உயரத்துக்கேற்பப் பெட்ரோலைத் தானே குறைத்துக் கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையே. அது திணறினால் பழுது வண்டியில்தான். 2021 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே, இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

மழையில் மட்டும் திணறினால் வயர் இணைப்புகளில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கூடுதல் விளக்குக்காக வயரை வெட்டக் கூடாது. வாரண்டி மறுக்க அதுவே சாக்காகும்.

குறைகளை வாயால் சொல்லிவிட்டு வராமல், சர்வீஸ் ஜாப் கார்டில் எழுதச் செய்து ஒவ்வொரு முறையும் நகல் வாங்க வேண்டும். பலனில்லையெனில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்யலாம். அடுத்தது உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தன் பிழைப்புக்காகத் தோட்ட வேலைக்கு வண்டி ஓட்டுபவரும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே.