காகிதத்தில் ஒரு மாசிக் கொடை

குமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதி கோயிலில் மாசிக் கொடை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் எத்தனையோ கொட்டும். குங்குமப் பொட்டலம், தின்று மிஞ்சிய மண்டையப்பம், திருவிழாக் கடை வளையல், பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, கசங்கிய பஸ் டிக்கெட், அர்ச்சனை ரசீது. போனில் இருக்கும் படங்களுக்குக் கணக்கே இல்லை. அப்பம் மறுநாளே தீரும். குங்குமம் பூஜை அலமாரிக்குப் போகும். டிக்கெட்டும் ரசீதும் குப்பைக்கு. படங்கள் போனிலேயே கிடந்து, போன் மாறும்போது காணாமல் போகும். விரதம் இருந்து இருமுடி சுமந்து நடந்துவந்த அம்மாவை, பகவதி கோயில் வாசலில் முதல்முறை பொங்கலிட்ட மகளை, பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்க வீட்டில் ஒன்றும் இருக்காது.

அந்தக் குறையைத் தீர்க்கிற கைவேலை ஒன்று உண்டு. படங்களையும் துண்டுக் காகிதங்களையும் அழகாக ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதிவைக்கும் ஸ்கிராப்புக். அதற்கு வேண்டிய நுணுக்கமான காகித வெட்டுகளை, மேசைமேல் அடங்குகிற ஒரு மின்சார மெஷின் இப்போது செய்து தருகிறது.

ஆல்பம் ஒட்டுவது பழைய பழக்கம்தான். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல், முன்கூட்டியே பசை தடவிய ஆல்பத்துக்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்; தண்ணீர் தொட்டால் போதும், படம் ஒட்டிக்கொள்ளும். 1980-களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், குடும்ப வரலாற்றைப் போற்றிச் சேர்த்துவைக்கும் மார்மன் குடும்பங்களிடையே இது பெரிய வீட்டுக்கலையாக வளர்ந்தது. அதே யூட்டாவைச் சேர்ந்த புரோவோ கிராஃப்ட் நிறுவனம் 2006-இல் ‘கிரிகட்’ மெஷினைக் கொண்டுவந்தது. முதலில் வந்த மெஷினில், உருவங்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகி அதில் உள்ளதை மட்டும் வெட்டுவார்கள். இன்றைய கிரிகட், சிலுவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-என்-கட் மெஷின்கள் நாமே வரைந்ததையும் வெட்டும். பிரதர் மெஷினில் ஸ்கேனரும் உள்ளேயே இருக்கிறது. தாளில் பேனாவால் வரைந்து கொடுத்தால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடும்.

நம் ஊர்ப் பெண்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வசதியைத்தான். விலைக்கு வரும் டிசைன்களில் பனிமனிதனும் பரங்கிக்காயும் கலைமானும் கொட்டிக் கிடக்கின்றன. மண்டைக்காட்டு அம்மன் புற்றையும் குளச்சல் வள்ளத்தையும் தோவாளையின் மாணிக்கமாலைப் பூச்சரத்தையும் அங்கே தேடிப் பிடிப்பது பாடு. அவற்றை நாம்தான் வரைய வேண்டும். வரையாமல் மெஷினை மட்டும் வாங்கினால், வேறு யாரோ கொண்டாடிய பண்டிகையைத்தான் நம் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருப்போம்.

மெஷின் என்றதும் மலைக்க வேண்டாம். வண்டி நம்பர் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் கடைகளில், ரோலை முன்னும் பின்னும் இழுத்தபடி ஒரு நீள மெஷின் ஓடுமே, அதற்கு இது தங்கை. இரண்டிலும் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் பிளேடு இருக்கும். தள்ளுவண்டியின் முன்சக்கரம் இழுக்கிற பக்கம் தானே திரும்பிக்கொள்வதுபோல, அந்தப் பிளேடும் கோடு வளைகிற பக்கம் தானே திரும்பும். ஸ்டிக்கரில் மேல்தாள் மட்டும் வெட்டுப்படும், அடித்தாள் தப்பித்துக்கொள்ளும். வெறும் காகிதத்துக்கு அடித்தாள் கிடையாது. அதனால் ஒட்டும் தன்மையுள்ள கட்டிங் மேட் ஒன்றில் காகிதத்தைப் பதித்து உள்ளே விடுகிறார்கள்.

சொந்தமாக மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் ஸ்டிக்கர் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரத் தம்பி கொஞ்சம் தயங்குவார். “பேப்பர் போட்டா பிளேடு சீக்கிரம் போயிரும் அக்கா, பாத்துக்கிடுங்க” என்பார். அவர் சொல்வது உண்மை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் காகிதத்தில் சேர்க்கும் சுண்ணாம்புத் தூளும் வெள்ளைக் களிமண்ணும் பிளேடின் முனையைத் தேய்த்துவிடும். காகிதத்துக்கென்று தனிப் பிளேடு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் நஷ்டமில்லை.

அச்சகத்தில் கொடுத்து வெட்டினால் என்ன என்று தோன்றலாம். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையை வடிவமாக வெட்டுவது டை கட்டிங் முறையில். பிளைவுட்டில் கோடு அறுத்து, அதில் எஃகுப் பட்டையை வளைத்துச் செருகி, அச்சுப்போல அழுத்தி எடுப்பார்கள். ஒரு டை இருந்தால் ஆயிரக்கணக்கில் வெட்டலாம். ஐந்தே ஐந்து வெட்டுவதற்காக டை செய்தால் கட்டுப்படியாகாது. ஒரு வீட்டுக்குத் தேவை அந்த ஐந்துதான், வெட்டு மெஷினின் இடமும் அங்கேதான்.

மண்டைக்காட்டில் இந்த வேலைக்கு முதல் தொல்லை கடல்காற்று. ஆனி, ஆடிச் சாரலில் காகிதம் ஈரத்தைக் குடித்து நெளிந்துவிடும். நெளிந்த தாள் மேட்டில் படியாது. படியாத இடத்தில் பிளேடு வெட்டுவதற்குப் பதிலாக நாரைப் பிய்த்துக்கொண்டு போகும், ஓரமெல்லாம் பிசிறு. அட்டைகளை வாங்கியதும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, மாத்திரைப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை நாலைந்து சேர்த்துப் போட்டு வைக்கலாம். காலை ஈரத்தில் வெட்டாமல் வெயில் ஏறிய பிறகு வெட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆல்பத்தின் பக்கங்களுக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை சரியாக வரும். வழக்கமான ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம். நுணுக்கமான வெட்டில் அது பிய்ந்துவிடும். எந்த அட்டையானாலும் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் முக்கோணம் வைத்து வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழு வேலையில் இறங்க வேண்டும். முக்கோணத்தின் கூர் கிழியாமல் வர வேண்டும், மேட்டில் லேசான கீறல் மட்டும் விழ வேண்டும். கூர் கிழிந்தால் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தையும் குறைத்து, அதே கோட்டில் இரண்டு முறை ஓட விட வேண்டும். வெட்டி முடித்த பிறகு காகிதத்தை மேட்டிலிருந்து உரிப்பதுதான் பலரும் செய்யும் தவறு, காகிதம் சுருண்டுவிடும். மேட்டைக் குப்புறப் போட்டு, காகிதத்தை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேட்டை வளைத்து உரிக்க வேண்டும்.

அடுத்தது எழுத்து. ஆல்பத்தின் முகப்பில் ‘மண்டைக்காடு’ என்று வெட்டி ஒட்ட ஆசைப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சில மென்பொருள்களில் தமிழை அடித்தால் ஐகாரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அடித்து, எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி, அந்தப் படத்தை மெஷினுக்குக் கொடுத்தால் சிதறாது. ஆனால் ண், க் இரண்டிலும் தலைக்கு மேலே நிற்கும் புள்ளிகள் தனித் துண்டாக வந்துவிழும். கையால் ஒவ்வொன்றாக ஒட்டினால் வரிசை கோணும். ஸ்டிக்கர் கடைக்காரர்கள் இதற்கு ஒட்டு டேப் வைத்திருக்கிறார்கள். மொத்த எழுத்தின் மேலும் அதைப் படியவைத்து, அப்படியே தூக்கி, பசை தடவி, உரிய இடத்தில் பதித்துவிட்டு டேப்பை உரித்தால், புள்ளிகள் அடித்த இடத்திலேயே நிற்கும். டேப்பின் பசை காகிதத்தைப் பிய்க்காமலிருக்க, முதலில் துணியில் நாலைந்து முறை ஒற்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு அட்டையில் ஓட்டையாக நிறுத்தும் ஸ்டென்சிலில் நிலைமை தலைகீழ். க-வின் வயிற்றுக்குள் இருக்கும் துண்டும் ண-வின் சுழிக்குள் இருக்கும் துண்டும் பிடிமானமில்லாமல் கீழே விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பாலம் விட்டு வரைய வேண்டும். மதுராவின் சாஞ்சிக் கலைஞர்கள் கண்ணன் கதைகளைக் காகிதத்தில் கத்திரித்து ரங்கோலிக்கு அச்சாக வைக்கும்போது, இந்தப் பாலங்களையே இலையாகவும் கொடியாகவும் மாற்றிவிடுகிறார்கள். நம் கோலத்தின் இழைகளும் அதற்கு நன்றாகத் தோதுபடும்.

டிசைனுக்கு வருவோம். குமரி மாவட்டத்துக்கு இதில் இரண்டு நூற்றாண்டுச் சொத்து இருக்கிறது. 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவில் லண்டன் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1897-இல் முளகுமூட்டில் தொடங்கிய பெல்ஜியக் கன்னியரின் மடமும் லேஸுக்குப் பேர்போனது. தலையணை லேஸ் எப்படிப் பின்னப்படுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் அடிப்படையே ஓர் அட்டை. டிசைனை அட்டையில் வரைந்து, ஊசியால் துளை துளையாகக் குத்தி, தலையணைமேல் வைத்து, ஒவ்வொரு துளையிலும் குண்டூசி நிறுத்தி, அதைச் சுற்றி நூலைப் பின்னுவார்கள். எங்கே வெற்றிடம் விட வேண்டும், எங்கே இழை தாங்கும் என்ற கணக்கெல்லாம் அந்த அட்டையில் அடங்கியிருக்கிறது. காகித வெட்டுக்கும் அதே கணக்குத்தான் வேண்டும். வீட்டில் பாட்டியின் லேஸ் ஒன்று மிஞ்சியிருந்தால் கறுப்பு அட்டைமேல் விரித்து ஸ்கேன் செய்யுங்கள். இழைகளைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால், ஆல்பத்தின் ஓரம் முழுவதற்கும் அதுவே கரை.

மண்டைக்காட்டுப் பக்கத்துக்கு என் மனதுக்குப் பிடித்த உருவம் புற்றுதான். கருவறையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கும் அந்தப் புற்றே அங்கே அம்மன். அதைத் தட்டையாக வரைந்தால் உயிர் வராது. ஏழு அடுக்காகப் பிரித்து வரைய வேண்டும். அடியில் அகன்ற உருவம், அதன்மேல் ஒவ்வொன்றும் சற்றே ஒடுங்கியது, உச்சியில் கைவிரல் அகலத்தில் கடைசித் துண்டு. ஓரங்களை நேர்க்கோடாக விடாமல், கறையான் கட்டிய மண்போல மேடும் பள்ளமுமாக வளைக்க வேண்டும். அடியில் செங்கல் நிறம், மேலேறும்போது சந்தன நிறம், உச்சியில் மஞ்சள். அடுக்குகளுக்கு இடையே இரண்டு மில்லிமீட்டர் ஃபோம் டேப் வைத்தால் புற்று பக்கத்திலிருந்து எழுந்து நிற்கும், ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்தால் நிழலும் தட்டும். அம்மனின் முகத்தை வரைய வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஏழு அடுக்கே போதுமானது.

டிசம்பரில் இதே மெஷினுக்கு வேறு வேலை இருக்கிறது. இந்தக் கடற்கரை ஊர்களில் ஸ்டாரும் குடிலும் இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டிக் காகிதம் ஒட்டும் ஐந்துமுனை ஸ்டார் கைக்கு எளிது. பலமுனை ஸ்டார்தான் பாடு. அது 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியச் சபையின் பள்ளியில் வடிவியல் பாடமாகப் பிறந்தது. பரவலாகச் செய்யப்படும் வடிவத்துக்கு 26 முகம். 18 சதுரம், 8 முக்கோணம். ஒரு முகத்தைப் பல்புக்கு விட்டுவிட்டு மற்ற 25-இலும் கூரான பிரமிடு ஒட்ட வேண்டும். கையால் வெட்டினால் பத்தாவது முனையிலேயே அளவு தவறும். மெஷினில் 25-உம் அளவு தவறாமல் வரும். மடிப்புக் கோடுகளை, விட்டு விட்டு வெட்டும் கோடாக வைத்தால் அட்டை உடையாமல் மடியும்.

இனி ஆல்பத்துக்குள் போகும் பொருள்கள். இப்போதைய பஸ் டிக்கெட் பெரும்பாலும் தெர்மல் தாள். சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து, டிக்கெட் அளவுக்கே வெட்டி ஒட்டினால்தான் நிற்கும். குங்குமத்தை நேரடியாக ஒட்டக் கூடாது, பக்கத்துப் படமெல்லாம் சிவக்கும். ஒட்டி மூடிய சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறைக்குப் பொருத்தமாக ஜன்னல் வெட்டிய அட்டையை மேலே வைக்கலாம். மைதாப் பசை வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது இந்தத் தொல்லைக்காகத்தான். படங்களை முழுக்கப் பசை பூசி ஒட்டுவதைவிட, நாலு மூலைக்கும் மெஷினிலேயே முக்கோண உறை வெட்டிச் செருகிவைத்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்து மறுபிரதி எடுக்கலாம்.

மறுபிரதி என்பது இந்தக் கடற்கரையில் சாதாரண விஷயமல்ல. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உயிர்களை வாரிக்கொண்டு போனது. வீடுகளோடு கல்யாண ஆல்பங்களும் போயின. இறந்தவரின் ஒரே படம் வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் கிடைத்தால்தான் உண்டு என்ற நிலை எத்தனையோ குடும்பங்களுக்கு. அதனால் ஆல்பத்தை ஒன்றாகச் செய்யாமல் இரண்டாகச் செய்யுங்கள். கை கத்திரித்ததை இரண்டாவது முறை அதேபோலக் கத்திரிக்க முடியாது, மெஷின் எத்தனை முறை கேட்டாலும் வெட்டும். ஒன்று இங்கே, ஒன்று துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகன் வீட்டில்.

வரைந்த கோப்புகளையும் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்குமேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அதைக் கைவிட்டது. புற்றின் ஏழு அடுக்கையும், பாட்டியின் லேஸையும், ‘மண்டைக்காடு’ என்ற எழுத்தையும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பென் டிரைவில் ஒன்று, மகனின் மெயிலில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நாளை வேறு நிறுவனத்தின் மெஷின் வாங்கினாலும் பெரும்பாலும் வெட்டிக்கொள்ளலாம்.