டர்போ காரில் ஆயில் எங்கே போகிறது?

சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு பேச்சு தவறாமல் வரும். ஒன்று ஊருக்குப் போக ரயில் டிக்கெட். மற்றது பழைய காரின் மக்கர். இந்த இரண்டாவது பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாசகம்: "வண்டி நல்லாத்தான் சார் ஓடுது, ஆயில்தான் குடிக்குது." அந்த ஆயில் எங்கே போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்ற அளவில் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் என்ற சொல் எள் நெய் என்பதிலிருந்து வந்தது. எஞ்சினில் ஊற்றுவதை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே மெக்கானிக்குகள் சொல்லும் ஆயில் என்ற சொல்லையே கையாளுகிறேன்.

என்னிடம் இருப்பது 2010-இல் வாங்கிய டர்போ டீசல் கார். புனேயிலிருந்து மேல்சித்தாமூர்த் திருவிழாவுக்கு அதில்தான் குடும்பத்தோடு போய்வருகிறோம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீட்டாரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் என்ன பாடு என்பது எங்களவர்களுக்குத் தெரியும். 1,60,000 கி.மீ. தாண்டியதும் ஆயில் குறைய ஆரம்பித்தது. மெக்கானிக் நீலப் புகையைப் பார்த்தார், டர்போ போச்சு என்றார். மாற்றினேன். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டே மாதத்தில் ஆயில் பழையபடி குறைந்தது. அடுத்து எஞ்சினையே பிரிக்கணும் என்றார். அப்போதுதான் நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அளக்க வேண்டும். இருப்பு எடுக்காமல் சரக்கு காணோம் என்று கடைப்பையனைத் திட்டுவதில் பயனில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல்கோடு வரை ஆயில் ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. ஓடியபின் மறுபடி அதே கோடு வர எத்தனை மில்லி தேவைப்பட்டது என்பதை அளவுக் குவளையால் பார்த்து எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் போனாலும் வரம்புக்குள் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும் கம்பெனிகள் உண்டு. அது அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்ட கணக்கு. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அவ்வளவு கேட்காது.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் எரியாத எரிபொருள் கொஞ்சம் ஆயிலில் கலந்துவிடும். மட்டம் குறையாததுபோல் தெரியும். பிறகு நீண்ட பயணம் போனால் அந்த எரிபொருள் ஆவியாகிப் போய், ஒரே நாளில் ஆயில் மாயமானதாகத் தோன்றும். ஆகவே அளவை நெடுஞ்சாலை ஓட்டத்தில் எடுப்பதே சரி.

ஆயில் வெளியேற வழிகள் சிலவே. வெளியே கசியலாம். இரவில் வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றைப் போட்டுவைத்தால் காலையில் தெரிந்துவிடும். வால்வு மூடியின் கேஸ்கெட், டர்போவுக்கு ஆயில் போகும் குழாய், கிராங்க் ஆயில் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். ஆயில் தண்ணீரில் கலக்கலாம். கூலன்ட் டப்பாவில் பழுப்பு நிறத்தில் பாலாடை போல் மிதந்தால் அதுதான். இவை இரண்டும் இல்லையென்றால் ஆயில் எஞ்சினுக்குள் எரிகிறது. எந்த வழியாக உள்ளே போய் எரிகிறது என்பதில்தான் சிக்கல்.

வீணாகும் புகையின் வேகத்தைக் கொண்டே எஞ்சினுக்குக் காற்றைத் திணிப்பது டர்போ. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை. இதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் எட்டும். ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது. அதன் இரு முனைகளிலும் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் அன்று, மெல்லிய உலோக வளையம். அது தானாக ஆயிலை அடைத்துவிடாது. வந்த ஆயில் தடையில்லாமல் கீழ்க்குழாய் வழியே சம்புக்கு வடிந்தால்தான் அந்த வளையம் வேலை செய்யும். சம்புக்குள் அழுத்தம் ஏறினால் ஆயில் வடிய இடமின்றித் தேங்கி, வளையத்தைத் தாண்டிக் காற்றுக்குழாயிலும் புகைக்குழாயிலும் போகும். டர்போ புத்தம் புதிதாக இருந்தாலும் இதுதான் கதி.

சம்புக்குள் அழுத்தம் ஏன் ஏறுகிறது? பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை வெளியேற்றி, அதிலுள்ள ஆயில் துளிகளைப் பிரித்துத் திருப்பி அனுப்ப பிரீதர் என்ற ஏற்பாடு உண்டு. ஆயிலை உரிய நேரத்தில் மாற்றாத வண்டியில் இந்தப் பாதை கசடு பிடித்து அடைத்துக்கொள்ளும். சோதனை சுலபம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, அந்த வாயில் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிப் பாருங்கள். டீசலில் லேசாகப் புடைத்து ஆடுவது இயல்பு. விம்மிக்கொண்டு எழுந்தால் அழுத்தம் அதிகம். பிறகு பிரீதர் குழாயைக் காற்றுக்குழாயிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். புடைப்பு அடங்கினால் அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தில் அடைப்பு. அடங்காமல், பாட்டிலிலும் வாயு பலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். அடங்காமல், பாட்டிலில் வாயுவே வராவிட்டால் அடைப்பு அதற்கு முன்னால், அந்தக் குழாயிலோ வால்வு மூடிக்குள்ளோ.

என் வண்டியில் இருந்தது இந்தக் கடைசி வகை. மூடிக்குள் இருந்த பிரிப்பான் கரிக்கசடால் இறுகிப்போயிருந்தது. அதை மாற்ற ஆன செலவு டர்போ செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பரணில் கிடந்த பழைய டர்போவை எடுத்துத் தண்டை அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் அசையக் கூடாது, விசிறி சுவரில் உரசக் கூடாது. இரண்டு தேர்விலும் அது தேறியது! மெக்கானிக் பொய் சொல்லவில்லை; டர்போவிலிருந்துதான் ஆயில் வந்தது. யார் தள்ளினார்கள் என்று பார்க்கவில்லை, அவ்வளவே. அடைத்த ஏர் ஃபில்டரும் இப்படியே டர்போவிலிருந்து ஆயிலை உறிஞ்சும். முதலில் நூறு இருநூறு ரூபாய்ப் பொருளைப் பாருங்கள்.

புகையும் பேசும். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மேடேறும்போது இடைவிடாது வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். சிக்னலில் நின்று கிளம்பும்போது குப்பென்று வந்தால் டர்போ, வால்வு சீல் இரண்டையும் பார்க்கணும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் நல்லது என்று சொல்வார்கள். முழுதும் நம்ப வேண்டாம். கம்ப்ரஷனைத் தாங்குவது மேல் ரிங்குகள். ஆயிலை வழித்து இறக்குவது அடியிலுள்ள ரிங். அது கரி பிடித்து இறுகினால் கம்ப்ரஷன் குறையாமலே ஆயில் போகும்.

டர்போ டீசல் வைத்திருப்போர் ஒன்றை அலட்சியம் செய்யலாகாது. காற்றுக்குழாயில் ஆயில் மிகுதியாகப் புகுந்தால் எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம். முடியாவிட்டால் எல்லாரும் இறங்கித் தூரப் போய்விடுங்கள். பானெட்டைத் திறக்கக் கூடாது. இன்டர்கூலர் குழாய்க்குள் ஆயில் ஈரம் படிந்திருப்பது சகஜம். குளம்போல் தேங்கியிருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்து கொண்டுபோங்கள்.

என் நோட்டுப்புத்தகத்தில் பிரிப்பான் மாற்றுவதற்கு முன் 1000 கி.மீ.க்கு 700 மில்லி என்று இருக்கிறது. மாற்றியபின் 150. சென்ற முறை சித்தாமூர் போய்வந்ததில் 170. டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா எப்போதும் இருக்கிறது.